பூட்டும் இல்லை, சாவியும் இல்லை

ஆட்டிசம் குறித்துத் தமிழில் எழுதப்படும் கதைகளிலும் அனுபவக் கட்டுரைகளிலும் மேடைப்பேச்சுகளிலும் ஒரு பூட்டு தவறாமல் வந்துவிடுகிறது. உள்ளே ஒரு குழந்தை பூட்டப்பட்டிருக்கிறது. நம்மைப்போலவே பேசக்கூடிய, நம்மை அம்மா அப்பா என்று அழைக்கக்கூடிய குழந்தை. வெளியே பெற்றோர் சாவியின்றிக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடைசிப் பத்தியில் சாவி கிடைக்கும். கிடைக்காவிட்டால் தகப்பன் கண்ணீர் சிந்துவான். நான் வசிப்பது திண்டுக்கல்லில். 2019-இல் தன் பூட்டுக்கென்றே புவிசார் குறியீடு பெற்ற ஊர் இது. பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இவ்வூர்க்காரனுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அந்த உருவகம் பொய்யானது. வெறும் பொய்யென்றால் விட்டுவிடலாம். குழந்தைகளுக்குக் கேடு செய்கிற பொய் என்பதால் எழுதவேண்டியிருக்கிறது.

எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வயது கடந்த சில மாதங்களில் ஆட்டிசம் என்று உறுதிசெய்யப்பட்டது. இன்றுவரை அவன் பேசுவது நான்கைந்து சொற்கள். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் நாள்தோறும் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்தவன் என்ற அளவிலேயே சொல்கிறேன். மருத்துவர் அந்தச் சொல்லைச் சொல்லும் நாளில் பெற்றோர் இழப்பது ஒரு குழந்தையை அல்ல. தாங்கள் கற்பனை செய்து வைத்திருந்த ஒரு குழந்தையை. பூட்டு உருவகம் செய்யும் வேலை, அந்தக் கற்பனைக் குழந்தையைச் சாகவிடாமல் காப்பதுதான். கண்முன் நிற்கும் பிள்ளைக்குள் அவனை ஒளித்துவைத்து, "தேடு" என்று பெற்றோரை ஏவுகிறது. தேடுகிறவர்களுக்குக் கண்முன் நிற்பவனைப் பார்க்க நேரம் இருப்பதில்லை.

இந்த உருவகம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. 1943-இல் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினோரு குழந்தைகளை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். எட்டுச் சிறுவர், மூன்று சிறுமியர். ஆட்டிசம் தனி நிலையாக மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது அக்கட்டுரையால்தான். இக்குழந்தைகள் பிறவியிலேயே இவ்வியல்புடன் வந்தவர்கள் என்று அதில் அவர் கருதியிருந்தார். ஆனால் அப்பெற்றோர் அதிகம் படித்தவர்கள், குளிர்ந்த மனம் கொண்டவர்கள் என்ற குறிப்பையும் சேர்த்திருந்தார். பின்வந்த ஆண்டுகளில் முதல் கருத்து மறக்கப்பட்டது. இரண்டாவது கருத்து வளர்ந்தது. 'குளிர்பதனப்பெட்டித் தாய்' என்ற வசையே உருவாயிற்று. 1967-இல் புரூனோ பெட்டல்ஹெய்ம் ஒரு நூல் எழுதினார். தலைப்பு, 'வெற்றுக் கோட்டை'. நாஜி வதைமுகாம்களில் இருந்து மீண்டவர் அவர். முகாம் கைதிகள் தம்முள் ஒடுங்கியதைப்போல இக்குழந்தைகள் தாயின் அன்பின்மைக்கு அஞ்சித் தம்மைச் சுற்றிக் கோட்டை கட்டிக்கொண்டன என்றார். அந்நூலை வாசித்த உலகம் தாயைக் காவலாளியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டது.

எங்கள் ஊரில் உண்மையாகவே ஒரு வெற்றுக் கோட்டை இருக்கிறது. மலைமேல் ஏறிப் பார்த்தால் மதில்களும் பீரங்கி மேடுகளும் மூலவர் இல்லாத ஒரு கோவிலும் நிற்கும். வெற்றுக் கோட்டை எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் நாங்கள். ஒலிபெருக்கிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுகிற குழந்தை அதைப்போல இருப்பதில்லை.

கோட்டை வாதம் வீழ்ந்த கதையும் முக்கியமானது. அதை முதலில் பெயர்த்தவர் ஒரு தகப்பன். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், 1964-இல் எழுதிய நூலில் இது உடற்கூறு சார்ந்த நிலை, வளர்ப்பால் வருவதன்று என்று வாதிட்டார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இருபத்தொரு ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த பதினோரு ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான பத்து ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வேர் பெரும்பாலும் மரபணுவில் இருக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பலமுறை உறுதிசெய்துவிட்டன. கானரே 1969-இல் பெற்றோர் கூடிய மாநாடு ஒன்றில், உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற பொருள்படப் பேசினார்.

வாஷிங்டனில் வழங்கப்பட்ட அந்த விடுதலை இன்னும் திண்டுக்கல்லுக்கு வந்து சேரவில்லை. தாய் வேலைக்குப் போனதால், தாய் கைப்பேசியைக் கொடுத்துச் சோறூட்டியதால், கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததால், கூட்டுக்குடும்பத்தைவிட்டு வந்ததால் என்று தீர்ப்புகள் மட்டும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கின்றன. திரை அளவுக்கு மீறினால் எந்தக் குழந்தைக்கும் பேச்சும் தூக்கமும் கெடும். அதற்காகக் கைப்பேசி ஆட்டிசத்தை உண்டாக்கிவிடுவதில்லை. கைப்பேசியே இல்லாத காலத்தில்தான் கானர் அந்தப் பதினோரு பேரைப் பார்த்தார். ஆனாலும் குற்றக்கூண்டில் நிற்பவள் மாறுவதில்லை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்டு முடிந்து திரும்பும் பெண்ணிடம் "நீ கூட இருந்து கொஞ்சியிருந்தால் பேசியிருக்கும்" என்று சொல்கிற பெரியம்மா பெட்டல்ஹெய்மின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அவர் நூலின் சாரம் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

நம் சொற்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மொழியைப் பேணுவோர் கூடுமிடம் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 'மதி இறுக்கம்' என்ற சொல் எங்கும் புழங்குகிறது. இறுகியிருப்பது எது? மதியா? 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று அரசு ஆவணங்களில் ஒரு தொடர் வழங்குகிறது. இதைவிடப் பிழையான விவரணை இருக்கமுடியாது. அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அடிக்கப்போகும் முன்னரே ஆவியின் ஒலி மாறுவதை என் மகன் அறிவான். அலமாரியில் ஒரு படம் இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தால் வந்து சரிசெய்வான். சட்டையின் கழுத்துப்பட்டையில் தைத்த துணித்துண்டு அவனுக்கு முள். மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோவில் பக்கம் ஒலிபெருக்கிகள் முழங்கும் நாட்களில் அவன் காதைப் பொத்திக்கொள்வது புற உலகம் அவனுக்குள் நுழையாததால் அல்ல, தாங்கமுடியாத அளவுக்கு நுழைவதால். புலன்கள் அதிகமாக அல்லது குறைவாக வேலைசெய்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று 2013-இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேடே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலகத்தின் மேல் தோலில்லாமல் உரசிக்கொண்டிருப்பவனுக்கு 'புற உலகச் சிந்தனையற்றவன்' என்று பெயரிடுவது, மழையில் நனைந்து நடுங்குபவனை 'நீர் அறியாதவன்' என்பதற்கு நிகர். எனக்கு 'ஆட்டிசம்' என்ற அயற்சொல்லே போதும். அது குறைந்தபட்சம் தமிழில் ஒரு பொய்யைச் சொல்வதில்லை.

பூட்டு என்று ஒன்றைக் கற்பித்துவிட்டால் சாவி விற்பவன் வந்தே தீருவான். 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து, அம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருப்பதாக ஐயம் கிளப்பினார். 2010-இல் லான்செட் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது; அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. அதே 1998-இல் செக்ரட்டின் என்ற குடல்சுரப்பு ஊசி அற்புதமருந்தாகப் பரவியது. மறுவருடமே முறையான சோதனையில் அது வெற்று உப்புநீருக்கு மேல் எதையும் செய்யவில்லை என்று தெரிந்தது. 2005-இல் அமெரிக்காவில், உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றும் 'சிகிச்சை'யில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தே போனான். நம் நாட்டில் ஸ்டெம்செல் வியாபாரம். ஆட்டிசத்துக்கு அது சிகிச்சையாகப் பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் தரப்பில் 2022-இல் சொல்லப்பட்டது. இவற்றுக்கு முன்னால் நம் ஊர்ச் சாவிகள் எவ்வளவோ சாது. நாவில் வசம்பு, தேன், தாயத்து, அந்தி நேரத்தில் பள்ளிவாசலில் ஓதி ஊதுதல், பேச்சு வந்தால் கோவிலுக்கு மணி கட்டுவதாக வேண்டுதல். "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்ற அப்பத்தாவின் ஆறுதலையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டும். ஒருவகையில் அதுதான் விலை உயர்ந்த சாவி. இரண்டு வயதில் தொடங்கியிருக்கவேண்டிய பயிற்சியை ஐந்து வயதுக்குத் தள்ளிவிடுகிறது.

பயிற்சி என்றேன். அதுவும் சாவிதானே என்று ஒருவர் கேட்கலாம். இல்லை என்பதே என் தரப்பு. நல்ல பேச்சுப் பயிற்சியாளர் குழந்தைக்குள் இருந்து வேறொருவனை வெளியே அழைப்பதில்லை. இருக்கிறவனுக்குத் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொடுக்கிறார். வாயால் முடியாவிட்டால் படத்தைக் காட்டி, அதுவும் முடியாவிட்டால் கைப்பிடித்து. படஅட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று அஞ்சி அதை மறுக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அஞ்சவேண்டியதில்லை, தொடர்புக்கு ஒரு வழி கிடைத்த குழந்தையின் பேச்சு அதனால் குறைவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த அச்சத்தின் அடியில் இருப்பதும் பூட்டுதான். படஅட்டை உண்மையான கதவல்ல, பேச்சே கதவு என்ற நம்பிக்கை. இதற்கிடையே குழந்தை தாகத்தைச் சொல்ல வழியின்றித் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறது. அதையும் 'ஆட்டிசத்தின் அறிகுறி' என்று குறித்துக்கொள்கிறோம்.

இனி நம் இலக்கியத்துக்கு வருகிறேன். நமக்கு இரண்டே கதைகள் தெரியும். ஒன்று மேதையின் கதை. 1988-இன் 'ரெய்ன் மேன்' முதல் 2013-இல் வந்த நம் 'ஹரிதாஸ்' வரை அதுதான். 'ஹரிதாஸ்' நேர்மையான நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சிறுவன் ஓடவேண்டியிருக்கிறது. ஓடி வெல்லும்வரை படம் அவனை மூச்சுவிட அனுமதிப்பதில்லை. 'ஊனமுற்றோர்' என்ற பழைய சொல்லை அகற்றி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை அரசு கொண்டுவந்தது நல்லெண்ணத்தால்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளும் ஒரு நிபந்தனை இருக்கிறது: மாற்றுத் திறன் எங்கே, காட்டு! எந்தத் திறனும் இல்லாமல், குழாயிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க மகிழ்ச்சியாக இருக்கும் பிள்ளைக்கு நம் மொழியில் இடமில்லை.

இரண்டாவது, துயரத்தின் கதை. சிற்றிதழ் மரபில் வந்த நமக்கு இதுவே நெருக்கமானது. அதில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, பிடித்த உணவு இருக்காது, விருப்புவெறுப்பு இருக்காது. அது தகப்பனின் ஆழத்தைக் காட்ட வைக்கப்பட்ட ஒரு மௌனம். வாசித்து முடித்து நாம் கனத்த மனத்தோடு எழுந்துபோகிறோம். ஆட்டிசம் உடையவரான ஜிம் சின்க்ளேர் 1993-இல், எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பெற்றோரை நோக்கி ஒரு உரையை வைத்தார். நீங்கள் அழுவது வந்தே சேராத ஒரு குழந்தைக்காக; அழுங்கள், ஆனால் வந்து நிற்கும் எங்களிடம் அந்த அழுகையைக் காட்டாதீர்கள் என்பது அதன் சாரம். முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் அது நம் புனைவுகளை எட்டவில்லை. விதிவிலக்குகள் உண்டு. யெஸ்.பாலபாரதியின் 'துலக்கம்' நாவலும் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' நூலும், லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' நூலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். பெற்றோராக நின்று எழுதிய அவர்கள், வாசகனை உருகவைப்பதைவிட அவனுக்கு விஷயத்தைத் தெரிவிப்பதையே கடமையாகக் கொண்டார்கள். இவற்றை 'விழிப்புணர்வு நூல்' என்று ஒதுக்கிவிட்டு உருகவைக்கும் சிறுகதையை இலக்கியம் என்று நாம் கொண்டாடினால், பழுது நம் அளவுகோலில் இருக்கிறது.

ஏற்றுக்கொள்ளுதல் என்றால் பிறகு என்ன? 'விதி' என்று கைகளைக் கட்டிக்கொள்வதை அப்பெயரால் அழைக்கிறோம். 'தெய்வக் குழந்தை' என்று கும்பிடுவதையும் அப்பெயரால் அழைக்கிறோம். இரண்டும் ஒன்றே. விதிக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை, தெய்வத்துக்கும் தேவையில்லை. ஏற்றுக்கொண்டதன் முதல் அடையாளம் சண்டை என்று நான் சொல்வேன். பிள்ளையோடான சண்டை முடிந்து, ஊரோடு தொடங்கும் சண்டை.

அதற்கான படைக்கலங்கள் சட்டத்தில் கிடக்கின்றன. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அது முதலில் இடம்பெற்றது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை இருபத்தொரு வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. இந்தியக் குழந்தைகளுக்கென்று உருவாக்கப்பட்ட மதிப்பீட்டு அளவுகோல் 2009-இல் வந்தது. நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். எழுபதைத் தொட்டால் ஆட்டிசம். அந்த எண்ணைப் பெறுவதற்கே பல பெற்றோர் தயங்குகிறார்கள், சான்றிதழ் வாங்கினால் முத்திரை விழுந்துவிடும் என்று. முத்திரையைக் குழந்தை ஏற்கெனவே சுமந்துகொண்டுதான் இருக்கிறது, 'அடங்காத பிள்ளை' என்ற பெயரில். சான்றிதழ் இருந்தால் ஆறு முதல் பதினெட்டு வயதுவரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி அவன் உரிமை. "மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பார்கள்" என்று என் மகனைத் திருப்பியனுப்பிய பள்ளியிடம் இதைச் சொன்னபோது, அப்படியொரு சட்டம் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தொடக்கநிலையில் பத்துக் குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. நம் அரசுப்பள்ளிகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களோ வட்டாரத்துக்குச் சிலர் என்ற கணக்கில், தொகுப்பூதியத்தில் ஊர் ஊராக அலைகிறார்கள்.

ஒரு சிறு கணக்கு. 2021-இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 21,59,775. வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 17,000 பேர். இவர்களில் எத்தனை பேரை ஒட்டன்சத்திரம் சந்தையிலோ நாகல்நகர் வீதியிலோ பேருந்து நிலையத்திலோ நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? உண்மையான பூட்டு எங்கே தொங்குகிறது என்று இப்போது தெரியும். அது குழந்தைக்குள் இல்லை. வீட்டு வாசலில், வெளிப்புறமாக இருக்கிறது.

ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தவிர்த்துச் செல்லமாட்டேன். "நீர் சொல்வதெல்லாம் மேடையேறிப் பேசத் தெரிந்த ஆட்டிசக்காரர்களின் வாதம். இரவு முழுக்க உறங்காத, தன்னையே கடித்துக்கொள்ளும், பதினைந்து வயதிலும் உடைமாற்றத் தெரியாத பிள்ளையின் தாயிடம் போய் துக்கப்படாதே என்று சொல்வீரா?" சொல்லமாட்டேன். அத்தாயின் களைப்பு உண்மை. "எனக்குப் பின் யார்?" என்ற அவள் கேள்வி இக்கட்டுரையிலுள்ள எல்லா வாதத்தையும்விடப் பெரியது. ஆனால் பூட்டு உருவகம் அவளுக்குத் தரும் பதில் என்ன? காத்திரு, ஒருநாள் திறக்கும் என்பதே. அந்தக் காத்திருப்பில் கழிப்பறைப் பயிற்சி தள்ளிப்போகிறது, சான்றிதழ் தள்ளிப்போகிறது. பதினெட்டு வயதுக்குப் பின் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது என்ற தகவலும் அவளை எட்டுவதில்லை. இதே காத்திருப்பைச் சாக்காக வைத்து அரசும் காத்திருக்கிறது. பெற்றோருக்குப் பின் இப்பிள்ளைகள் வாழும் இல்லங்களைக் கேட்பவர் இல்லாததால் கட்டுபவரும் இல்லை. மிக அதிக உதவி தேவைப்படும் குழந்தைக்கே இந்த உருவகம் மிக அதிகத் தீங்கைச் செய்கிறது.

எனவே இலக்கிய நண்பர்களிடம் என் கோரிக்கை எளியது. இந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் நிறைய எழுதப்படவேண்டும். எழுதுவதற்கு முன் அப்படியொரு வீட்டுக்குப் போய் அரைநாள் இருங்கள். அந்தக் குழந்தை எதைத் தின்னும், எந்தச் சத்தத்துக்கு ஓடும், எதைப் பார்த்துச் சிரிக்கும், தாகமெடுத்தால் அதை எப்படித் தெரிவிக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் எழுதப்படும் கதை எவ்வளவு கண்ணீரை வரவழைத்தாலும் அக்குழந்தையைப் பற்றியதல்ல.